ஸ்கேல் வைத்துத் தைப்பதா, வேறு வழியா? வீட்டு மெஷினில் குவில்ட் அலங்காரத் தையல்

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதன் மேல்துணியை வெட்டி இணைத்து முடித்த கையோடு பலரும் பேட்டிங் எனப்படும் பஞ்சு அடுக்கையும் அடித்துணியையும் விரித்து ஊசிப்பின் குத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பே எடுக்கவேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. மூன்று அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்கப்போகும் தையல் எந்த வடிவத்தில், எந்தக் கருவியின் துணையோடு ஓடப்போகிறது என்பதே அது. பின் குத்துவதா, நூலோட்டம் போடுவதா, பசைத் தெளிப்பான் அடிப்பதா, அடுக்குகளைப் பிணைக்காமலேயே வேறொருவரிடம் கொடுப்பதா என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தே அமையும்.

வழிகள் ஐந்து இருக்கின்றன. ஊசிக்கருகே துணியை அழுத்திப் பிடிக்கும் காலைத்தான் ஃபுட் என்கிறோம்; அதில் வாக்கிங் ஃபுட் என்ற வகையை மாட்டி நேர்கோடுகளும் கட்டங்களும் தைப்பது முதல் வழி. துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, வரைந்த கோட்டின் மேலோ மனம்போன போக்கிலோ துணியைக் கையால் நகர்த்தும் ஃப்ரீ மோஷன் இரண்டாவது. அதே ஃப்ரீ மோஷனில், கனமான அக்ரிலிக் ஸ்கேல் ஒன்றைத் துணிமேல் அழுத்திப் பிடித்து, அதன் விளிம்பை ஒட்டி ஃபுட்டை ஓட்டி, வளைவுகளையும் வட்டங்களையும் இதழ்களையும் ஒரே அளவில் எடுப்பது மூன்றாவது. கணினி எம்பிராய்டரி மெஷினின் வளையத்தில் மாட்டித் தைப்பதும், குவில்ட்டைச் சட்டத்தில் ஏற்றித் தைக்கும் பெரிய லாங் ஆர்ம் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவதும் மற்ற இரண்டு. மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன். காணொளிகளில் மிக எளிதாகத் தோன்றி, வாங்கியபின் அலமாரியிலேயே தங்கிவிடுவதும் அதுதான். என் கணிப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீ மோஷன் அறவே வராதவருக்கு ஸ்கேல் கைகொடுக்காது. ஓரளவு வந்தவருக்கு, அதிலும் திரும்பத் திரும்ப வரும் வளைவு வடிவங்களை விரும்புபவருக்கு, வீட்டு மெஷினில் அதைவிட நல்ல வழி கிடையாது.

ஸ்கேலின் வேலை எதுவரை

ஸ்கேல் தையலின் பாதையை மட்டுமே தீர்மானிக்கிறது. தையலின் நீளத்தைத் தீர்மானிப்பது கையின் வேகமும் மெஷினின் வேகமும்தான். பல் இறக்கப்பட்டிருப்பதால் துணியை நகர்த்த மெஷினுக்கு வழியில்லை. கை வேகமாக நகர்ந்தால் தையல் நீளமாகும், தயங்கினால் ஒரே இடத்தில் பொடிப்பொடியாகக் குவியும். அங்குலத்துக்கு 8 முதல் 11 தையல் என்ற பொதுவான அளவை ஸ்கேல் இல்லாமல் நிலையாகக் கொண்டுவர முடியாதவருக்கு, ஒரு கை ஸ்கேலைப் பிடிக்கும் வேலையில் மாட்டிக்கொண்டபின் அது இன்னும் கடினமாகும். வளைவில் கை மெஷினை முந்திவிட்டால் கீழ்நூல் இழுபட்டு, அடித்துணியில் கண்ணிமை மயிர் போன்ற சிறு நூல்வரிசை தெரியும். மேலே கோடு எவ்வளவு அழகாக வளைந்திருந்தாலும் புரட்டிப் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.

நம் ஊர்த் தையல் வகுப்புகளில், துணியை மரவளையத்தில் இறுக்கி, ஃபுட்டைக் கழற்றிவிட்டு மெஷின் எம்பிராய்டரி போடக் கற்றவர்கள் இந்த இடத்தில் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார்கள். கையையும் மெஷின் வேகத்தையும் இணைத்துப் பழகிய அந்தப் பயிற்சிதான் ஃப்ரீ மோஷனுக்கும் அடிப்படை. அவர்கள் புதிதாகப் பழகவேண்டியது, வளையமில்லாமல் மூன்று அடுக்குக் கனத்தைக் கையாள்வதை மட்டுமே.

வாக்கிங் ஃபுட்

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மேலிருந்தும் ஒரு பல் துணியைத் தள்ளுவதால் மூன்று அடுக்குகளும் சமமாக நகர்கின்றன. தையல் நீளத்தை மெஷின் பார்த்துக்கொள்கிறது. நேர்கோடு, குறுக்குக் கட்டம், மென்மையான அலை ஆகியவற்றுக்கு இதுவே போதும். ஆனால் வளைவு இறுகும்போது குவில்ட் முழுவதையும் ஊசியைச் சுற்றித் திருப்பவேண்டும் என்பதால், உள்ளங்கை அளவு வட்டம் ஒன்றைத் தைப்பதற்குள் தோள் ஓய்ந்துவிடும். ஸ்கேலில் குவில்ட்டைத் திருப்பவே வேண்டாம். எந்தத் திசையிலும் நகர்த்தலாம். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். நேர்கோட்டுக் கட்டங்களை மட்டும் விரும்புபவர் ஸ்கேலில் பணம் போடுவது வீண் என்றே சொல்வேன்.

வரைந்து தைக்கும் ஃப்ரீ மோஷன்

ஸ்கேலுக்கு உண்மையான போட்டி இதுதான். வடிவத்தைத் துணியில் வரைந்துகொண்டு, கோட்டின் மேல் ஃப்ரீ மோஷனில் ஓட்டுவது பழைய முறை. இன்றும் மலிவான முறை. துளையிட்ட ஸ்டென்சிலைத் துணிமேல் வைத்துச் சாக்பீஸ் பொடியைத் தேய்த்தால் கோடு இறங்கிவிடும். வாசலில் கோல அச்சுத் தட்டை வைத்து மாவு தட்டுவதைப் போலத்தான். நீரில் கரையும் பேனாவும் உண்டு, ஆனால் கழுவுமுன் அதன்மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் கறை நிலைத்துவிடக்கூடும். சூடு பட்டால் மறையும் பேனாவுக்கு வேறொரு குணம் இருக்கிறது: கோடு போய்விட்டதாக நினைத்துப் பரிசளித்த குவில்ட், கடுங்குளிரில் கோடுகளை மீண்டும் காட்டலாம். சென்னையிலும் மதுரையிலும் இது பொருட்டல்ல. பனிக்காலத்தில் கனடாவிலுள்ள பேரக்குழந்தைக்கு அனுப்புபவர் அந்தப் பேனாவைத் தொடாதிருப்பது நல்லது.

வரைவதையும் தைப்பதையும் தனித்தனித் தொழிலாகவே பிரித்து வைத்திருந்த ஊர்கள் உண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில் ஆலன்ஹெட்ஸ் என்ற சுரங்கச் சிற்றூரில், 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் கார்டினர் என்பவர் குவில்ட் மேல்துணிகளில் நீலப் பென்சிலால் வடிவம் வரைந்து கொடுப்பதைப் பிழைப்பாகவே செய்தார். அவரிடம் பயின்ற எலிசபெத் சாண்டர்சனும் அதையே தொழிலாகக் கொண்டார். வரைந்த துணியை வாங்கிய பெண்கள் கோட்டின் மேல் கையால் தைத்தார்கள். ஸ்கேல் வேலை இந்த முதல் கட்டத்தைப் பெருமளவு நீக்கிவிடுகிறது. முழு வடிவத்தையும் வரையவேண்டியதில்லை. ஸ்கேலில் செதுக்கிய கோடுகளைப் பொருத்துவதற்குச் சில குறிப்புக் கோடுகளும் கட்டங்களும் இருந்தால் போதும். பின்னால் அழிக்கவேண்டிய கோடும் அந்த அளவுக்குக் குறைகிறது. அடர்நிறத் துணியிலும் நெருக்கமான பூ அச்சுத் துணியிலும் எந்தப் பேனாவும் தெளிவாகத் தெரியாது என்பதால், அங்கே இந்தச் சலுகையின் மதிப்பு கூடுகிறது.

ஆனால் வரைவதற்கு ஸ்கேலுக்கு இல்லாத நெகிழ்ச்சி ஒன்று இருக்கிறது. குவில்ட்டின் ஓரப்பட்டையான பார்டரின் நீளம் 72 அங்குலம் என்றால் 4 அங்குல வளைவு 18 முறை சரியாக அமரும். இணைப்புத் தையல்களின் சிறு பிசகால் அது 74 அங்குலமாகிவிட்டால், வரைபவர் ஒவ்வொரு வளைவையும் துளி நீட்டிக்கொள்வார். ஸ்கேலின் அளவோ மாறாதது. மிஞ்சிய 2 அங்குலத்தை 18 வளைவுகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 1/9 அங்குலம் வரும். ஒவ்வொரு முறையும் ஸ்கேலைச் சற்றே நகர்த்தி அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கலாம். வளைவு பெரிதாகி எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு வளைவின் பங்கும் கூடிக்கொண்டே போகும்; ஒரு கட்டத்துக்குமேல் மறைக்க முடியாது. அப்போது பார்டரின் நடுவில் வேறொரு வடிவத்தை வைத்து, இரு பக்கங்களிலிருந்தும் அதை நோக்கித் தைத்து வருவதே தப்பும் வழி.

இறகு, கொடி, இலை போன்ற உயிர்ப்பான வடிவங்களுக்கு என் வாக்கு ஃப்ரீ மோஷனுக்கே. ஸ்கேலால் இறகின் நடுத்தண்டை அழகாக எடுக்கலாம். இதழ்களையும் ஸ்கேலாலேயே எடுத்தால் அச்சடித்தது போல விறைத்து நிற்கும்.

ஸ்கேல் வேலை: முதலில் மெஷின்

ஸ்கேல் வாங்குவதற்கு முன் மெஷினின் ஷாங்க், அதாவது ஃபுட்டை மாட்டும் தண்டின், உயரத்தை அளக்கவேண்டும். ஃபுட்டைக் கீழே இறக்கிவிட்டு, ஊசித் தகட்டிலிருந்து ஃபுட்டைப் பிடித்திருக்கும் திருகின் நடு வரையுள்ள தூரத்தைப் பாருங்கள். முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் லோ ஷாங்க். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் ஹை ஷாங்க். நம் வீடுகளில் பரவலாக உள்ள உஷா ஜனோம் வகைகளும், பழைய கறுப்பு நிற மிதி மெஷின்களும் பெரும்பாலும் லோ ஷாங்க்தான். ஸ்கேலின் தடிமன் இதை வைத்தே முடிவாகிறது: லோ ஷாங்க்குக்கு 3 மி.மீ., ஹை ஷாங்க்குக்கு 4.5 மி.மீ., லாங் ஆர்முக்கு 6 மி.மீ. என்பது ஆஸ்திரேலியாவின் வெஸ்ட்டலீ உள்ளிட்ட தயாரிப்பாளர்கள் பின்பற்றும் பகுப்பு. லோ ஷாங்க்கில் 6 மி.மீ. ஸ்கேலை வைத்தால் அது ஃபுட்டின் மேல்பகுதியில் இடிக்கக்கூடும். தடிமன் போதாத ஸ்கேலோ ஃபுட்டுக்கு அடியில் நழுவி நுழைந்துவிடும். ஓடும் மெஷினில் ஊசி அக்ரிலிக்கின் மேல் இறங்கினால் ஊசி உடைந்து தெறிக்கும், மெஷினின் டைமிங்கும், அதாவது ஊசியும் அடியிலுள்ள கொக்கியும் சேரும் ஒழுங்கும், கலையலாம். கண்ணாடி அணியாதவர்களும் இந்த வேலைக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வதில் தவறில்லை.

ஃபுட்டும் இதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். ஃப்ரீ மோஷனுக்கான சாதாரண டார்னிங் ஃபுட்டின் வளையம் மெல்லியது. ஊசியோடு சேர்ந்து மேலும் கீழும் துள்ளுவது. அதை ஒட்டி ஸ்கேல் வைப்பது ஆபத்து. ஸ்கேல் வேலைக்கென்றே உள்ள ரூலர் ஃபுட்டின் வளையம் உயரமான சுவர்போல் நிற்கும்; அதன் வெளிவிட்டம் அரை அங்குலம். ஊசி நடுவில் இறங்குவதால், தையல் எப்போதும் ஸ்கேலின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளியே விழும். ஃபுட்டின் உயரத்தைத் துணியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி அமைக்கவேண்டும். உயர்ந்தால் தையல் விடும், தாழ்ந்தால் துணி இழுபடும். ஃபுட்டை இறக்க மறந்து தைத்தால் மேல்நூலின் டென்ஷன் (இறுக்கம்) வேலை செய்யாமல் கீழே நூல் பந்தாகச் சுருளும்.

மிதி மெஷினில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், கால் மிதிப்பதால் இரண்டு கைகளும் ஓய்வாக இருக்கின்றன, நேர்தையல் மட்டுமே போடும் மெஷினில் ஊசித் துளை சிறியது என்பதால் தையலும் சுத்தமாக விழும். பல்லை இறக்க வழியில்லாத மாடலானால், தையல் நீளத்தைச் சுழியத்தில் வைத்துப் பல்லின்மேல் ஒரு தகட்டை மூடிக்கொள்ளலாம். கையால் சுற்றும் மெஷினில் மட்டும் இந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான். தையல் கடைகளில் உள்ள தொழிற்கூட ஜூக்கி வகை மெஷின்களுக்கு லோ, ஹை ஷாங்க் ஃபுட்டுகள் பொருந்தா. பல்லை இறக்கவும் மெக்கானிக்கின் கை வேண்டும். வேகமும் இந்த வேலைக்கு மிகை.

மெஷினைச் சுற்றி ஒரே மட்டத்தில் பலகை தேவை. இது இருந்தால் நல்லது என்ற வகையில் சேராது, கட்டாயத் தேவை. வீட்டு மெஷினின் குறுகிய கைப்பகுதியின் மேல் ஸ்கேலை வைத்தால் பாதி அந்தரத்தில் ஆடும். மெஷினோடு வரும் நீட்டிப்புப் பலகை இல்லையென்றால், மெஷினின் தளத்துக்குச் சமமான உயரத்தில் தெர்மோகோலையோ பலகையையோ வெட்டிச் சுற்றிலும் அடுக்கிக்கொள்ளலாம்.

இனி இடம். வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே 6 அல்லது 7 அங்குலம்தான் இருக்கும். பெரிய குவில்ட் மெஷின்களில் 11 அங்குலமோ அதற்குச் சற்று மேலோ, லாங் ஆர்மில் 18 அங்குலத்துக்கு மேல். 12 அங்குல நீள ஸ்கேல் படத்தில் கம்பீரமாக இருக்கும். 7 அங்குல இடைவெளியில், அதுவும் சுருட்டிய குவில்ட் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும்போது, அது தூணில் முட்டிக்கொண்டு நிற்கும். வீட்டு மெஷினுக்கு 6 முதல் 8 அங்குலமே வசதியான நீளம். கை எட்டும் தூரமும் அதற்கு மேல் போவதில்லை: விரல்களில் சில ஸ்கேலின் மேலும் சில துணியின் மேலுமாகப் பரப்பி அழுத்தி, மூன்று நான்கு அங்குலம் தைத்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, கைகளை மாற்றி வைத்துத் தொடரவேண்டும். ஸ்கேலின் அடியில் வழுக்காத பட்டையையோ, மெல்லிய உப்புத்தாள் துண்டுகளையோ ஒட்டாமல் இதைச் செய்ய முயல்வது வீண் போராட்டம்.

பின் குத்திப் பிணைத்த குவில்ட்டின் மேல் ஸ்கேல் தட்டையாக அமராது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஒவ்வொரு பின்னும் ஒரு மேடு. ஸ்கேல் வேலை என்று முடிவானால் நூலோட்டமோ பசைத் தெளிப்போ உகந்தது. இணைப்புத் தையல்கள் பல கூடும் முனைகளில் மடிப்பை ஒரே பக்கம் சாய்க்காமல் விரித்து இஸ்திரி போட்டால் அந்த மேடும் தணியும்.

வடிவங்களும் கணக்கும்

கால் அங்குல விலகல் நேர்கோட்டில் எளிதானது. விரும்பும் கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஸ்கேலை வைத்தால் முடிந்தது. வளைவில்தான் கணக்கு வேண்டும். 3 அங்குல விட்டமுள்ள வட்டத்தகட்டின் வெளிப்புறத்தைச் சுற்றித் தைத்தால் கிடைப்பது 3½ அங்குல வட்டம். 3 அங்குலத் துளையின் உட்புறத்தில் தைத்தால் 2½ அங்குலம். ஸ்கேலின் மேல் பொறித்திருக்கும் எண் தகட்டின் அளவா, விழப்போகும் தையலின் அளவா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஸ்கேலின் அருமை முழுமையாகத் தெரியும் வடிவம், வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டி நான்கிதழ்ப் பூக்களாகத் தோன்றும் ஆரஞ்சுச் சுளை வடிவம். ஜப்பானியர் ஷிப்போ என்று சாஷிகோ தையலில் போடுவதும் இதுவே. 4 அங்குலக் கட்டங்களின் மேல் இது முழு வட்டங்களாக அமையவேண்டுமானால், ஒவ்வொரு இதழின் நீளமும் 4 அங்குலம், தையல் வளைவின் ஆரம் ஏறத்தாழ 2.83 அங்குலம், அதாவது கட்டத்தின் பக்கத்தை 1.414ஆல் வகுத்தால் வருவது. ஸ்கேலின் குவிந்த விளிம்பைப் பயன்படுத்தினால் அந்த விளிம்பின் ஆரம் 2.58 அங்குலமும், குழிந்த விளிம்பானால் 3.08 அங்குலமும் இருக்கவேண்டும். ஆரம் இதைவிடப் பெரிதாக இருந்தால் இதழ் மெலிந்து, வட்டம் முழுமை பெறாது; அதுவும் ஓர் அழகுதான், ஆனால் தெரிந்து செய்யவேண்டிய அழகு. இன்னொரு வசதி, நூலை அறுக்காமலே இதைத் தைக்கலாம் என்பது. கட்டக்கோட்டின் ஒரு பக்கம் ஒரு வளைவு, அடுத்ததற்கு மறுபக்கம் ஒரு வளைவு என்று அலையாக வரிசையின் கடைசி வரை சென்று, எதிர்ப்பக்க வளைவுகளைப் போட்டபடி திரும்பி வந்தால் இதழ்கள் தாமாக மூடிக்கொள்ளும். கிடைவரிசைகளை முடித்தபின் நெடுவரிசைகள். இதே வேலையை வெறுங்கையால் ஃப்ரீ மோஷனில் செய்து ஒவ்வொரு இதழையும் ஒத்த அளவில் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள், மிகச் சிலர்.

சிப்பி அடுக்குகளும் அப்படியே: ஒரு வரிசை அரைவட்டங்கள், அடுத்த வரிசை பாதி அளவு தள்ளி. ஒற்றை ஸ்கேலே போதும். முறுக்குக் கயிறு போன்ற பார்டர், வட்டத்தை எட்டாகவோ பன்னிரண்டாகவோ பிரித்துச் சுழற்றித் தைக்கும் மாலை வடிவம் ஆகியவையும் ஸ்கேலுக்கே உரியவை. நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தி அதைச் சுற்றித் திருப்பும் வகையில் துளையிட்ட ஸ்கேல்கள் மாலை வடிவத்தை மிக எளிதாக்குகின்றன.

ஒரு கண்டிப்பு மட்டும் வேண்டும். பூ வேலையை நடுவில் நெருக்கமாகப் போட்டு, பார்டரைத் தளர்வாக விட்டால், நடுப்பகுதி சுருங்கி ஓரம் அலை அலையாக நெளியும். எந்த வழியில் தைத்தாலும் இது நேரும். ஸ்கேல் வேலையில், தைக்க எளிதான வடிவத்தையே ஒரே இடத்தில் குவிக்கும் ஆசை வருவதால் சற்றுக் கூடுதலாக நேரும்.

எத்தனை ஸ்கேல் வாங்குவது என்ற கேள்விக்கு என் விடை: மூன்று. கால் அங்குலக் கோடுகள் செதுக்கிய நேர் ஸ்கேல் ஒன்று, ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் குழிந்தும் உள்ள வளைவு ஸ்கேல் ஒன்று, நடுத்தர அளவு வட்டம் ஒன்று. பன்னிரண்டு சேர்ந்த தொகுப்புகள் கண்ணைக் கவரும். அவற்றில் பாதி, ஒரே ஒரு வடிவத்துக்கு மட்டும் உதவுபவை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு அஞ்சலும் சுங்கமும் சேர்ந்துகொள்ளும். பெயர்ப்பலகையும் ஷீல்டும் செய்யும் லேசர் கடைகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கின்றன; மேலே சொன்ன ஆரக் கணக்கைப் போட்டு வரைந்து கொடுத்தால் 3 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டித் தருவார்கள். வட்டமும் வளைவும் பொதுச் சொத்து. இன்னொருவர் வடிவமைத்து விற்கும் தனித்த வடிவத்தை நகலெடுப்பது வேறு விஷயம், அதைச் செய்யவேண்டாம். ரூலர் ஃபுட்டில் மட்டும் சிக்கனம் கூடாது. வளையம் சற்றே கோணியிருந்தாலும் கால் அங்குலம் என்ற கணக்கு ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொன்றாகிவிடும்.

எம்பிராய்டரி வளையமும் லாங் ஆர்மும்

எம்பிராய்டரி மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருப்பவருக்கு வளையத்துக்குள் குவில்ட் தைக்கும் வழி கவர்ச்சியானது. ஒவ்வொரு வடிவமும் அச்சு அசலாக விழும். தையல் நீளத்தைப் பற்றிய கவலையே இல்லை. சிக்கல் வளையத்தின் அளவில் இருக்கிறது. சிறிய மெஷின்களில் அது 100 மி.மீ.க்கு 100 மி.மீ., அதாவது 4 அங்குலச் சதுரம். நாம் பார்த்த 72 அங்குலப் பார்டரின் ஒரே ஒரு பக்கத்துக்கு 18 முறை மூன்று அடுக்கையும் வளையத்தில் இறுக்கி, முந்தைய முனையோடு துல்லியமாகப் பொருத்தவேண்டும். தனித்தனிக் கட்டங்களின் நடுவில் ஒரு பூ வைப்பதற்கு இது சிறந்தது. தொடர்ந்து ஓடும் வடிவத்துக்கு ஸ்கேலே வேகம். இதற்காகவே புதிதாக ஒரு எம்பிராய்டரி மெஷின் வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

லாங் ஆர்மில் குவில்ட் சட்டத்தில் அசையாமல் நிற்க, மெஷின் அதன்மேல் நகர்கிறது. சக்கரங்களிலுள்ள உணரி நகர்வை அளந்து ஊசியின் வேகத்தை மாற்றுவதால் தையல் நீளம் சீராக இருக்கும். பெரிய நகரங்களில் சிலர் இதைக் கூலிக்குச் செய்து தருகிறார்கள். அங்கே கொடுப்பதாக இருந்தால் அடுக்குகளைப் பிணைக்கக்கூடாது. மூன்றும் சட்டத்தில் தனித்தனியே ஏறவேண்டும், அடித்துணியும் பேட்டிங்கும் மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் சுமார் 4 அங்குலம் கூடுதலாக இருக்கவேண்டும். கூலியைக் கேட்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: குவில்ட் முழுக்க ஒரே வடிவம் ஓடும் தையல் ஒரு விலை, கட்டத்துக்கு ஒன்று, பார்டருக்கு ஒன்று என்று ஸ்கேல் வைத்துத் தைப்பது பல மடங்கு நேரம் பிடிக்கும் வேலை, விலையும் அப்படியே.

யாருக்கு எது

தொட்டில் அளவிலிருந்து ஒற்றைக் கட்டில் அளவு வரை, லோ ஷாங்க் வீட்டு மெஷின் வைத்திருப்பவர், வாக்கிங் ஃபுட்டால் முதலில் கட்டங்களின் இணைப்புப் பள்ளங்களில் நேராகத் தைத்து அடுக்குகளை நிலைப்படுத்திவிட்டு, பிறகு கட்டங்களுக்குள்ளும் பார்டரிலும் ஸ்கேல் வேலை செய்வதே என் முதல் பரிந்துரை. 90 அங்குலத்துக்கு மேற்பட்ட இரட்டைக் கட்டில் குவில்ட்டை 7 அங்குல இடைவெளிக்குள் சுருட்டித் திணித்து ஸ்கேலையும் பிடிப்பது, தேர்ந்தவரையும் அலுக்கவைக்கும். அப்படிப்பட்டதை 15 அல்லது 18 அங்குலத் துண்டுகளாகத் தனித்தனியே குவில்ட் செய்து, கடைசியில் துண்டுகளை இணைக்கும் முறையில் திட்டமிட்டால் ஸ்கேலுக்கு அதைவிட வசதியான களம் இல்லை. துண்டு முழுவதும் பலகையின் மேல் தட்டையாகக் கிடக்கும். மேல்துணி ஏற்கெனவே முழுதாக இணைத்தாகிவிட்டது என்றால் லாங் ஆர்முக்கு அனுப்புவதே மேல்.

முதல் குவில்ட் தைப்பவர் ஸ்கேலைத் தள்ளிவைக்கட்டும். பழந்துணியில் பேட்டிங் வைத்து, தலையணை உறை அளவில் இரண்டு மூன்று மாதிரிகளை ஃப்ரீ மோஷனில் தைத்து, புரட்டிப் பார்த்து, அடித்துணித் தையல் ஒரே நீளத்தில் வரத் தொடங்கியபின் ரூலர் ஃபுட்டை மாட்டலாம்.

கண்காட்சிக்கு அனுப்பும் எண்ணமுள்ளவர், சென்னையில் 2019 ஜனவரியில் நடந்த இந்தியக் குவில்ட் திருவிழா போன்றதற்கானாலும் சரி, வெளிநாட்டுப் போட்டிக்கானாலும் சரி, பிரிவு விதிகளை முதலில் படித்துவிடவேண்டும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் படூகா நகரில் நடக்கும் போட்டியில் 1989இல் கேரில் பிரையர் ஃபாலர்ட்டின் மெஷின் தையல் குவில்ட் முதல் பரிசு பெற்றபோது, கையால் தைக்காதது குவில்டா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. இன்று அந்தப் போட்டியிலேயே கைத்தையல், நிலையாக நிற்கும் மெஷின், நகரும் மெஷின் எனப் பிரிவுகள் உண்டு. வீட்டு மெஷினில் ஸ்கேல் வைத்துத் தைத்தது நிலையாக நிற்கும் மெஷின் பிரிவிலேயே சேரும். லாங் ஆர்மில் பிறரிடம் கொடுத்துத் தைத்ததற்குத் தைத்தவரின் பெயரையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுவது முறை.